பஞ்சலிங்கத்தின் எட்டுக் கோடி

இந்தப் பேனை நல்ல பேனை. அழுத்தாமலே எழுதுகிறது. டிப்போவில் எங்களுக்குத் தந்தவை படுத்துக்கிடக்கும் எருமைகள் மாதிரி; நாலு குத்துக் குத்தினால்தான் எழும்பும். உங்கள் பொலிஸ் உத்தியோகத்தர் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். நான் நூறு சொல் சொன்னால் அவர் பத்துச் சொல் எழுதினார். மிச்சத் தொண்ணூறும் எங்கே போகிறது என்ற கவலையில்தான், நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். மறுக்காமல் தாளும் பேனையும் தந்தீர்கள். நன்றி, ஐயா.

நான் இணுவில் தில்லைநாதன். பஸ் டிப்போவில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. வீடும் அதைச் சுற்றியிருக்கும் இரண்டு பரப்புக் காணியும் என்னுடையவை. என்னைப் பற்றி ஊரில் விசாரித்தால், பகிடிக்காரன், கொஞ்சம் கூட்டிச் சொல்வார் என்பார்கள். அது உண்மை. எங்கள் வீட்டு நாய் ஒருநாள் குரைத்த குரைப்பில் பலாலியில் இறங்க வந்த விமானம் திரும்பிப் போனது என்று நான் சொல்லி, அதைக் கேட்டவர்கள் வேறு ஊரிலே போய்ச் சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு. ஆனால் காசு விஷயத்தில் நான் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. டிப்போவில் விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டது சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கேதீஸ்வரன் கொடுத்த முறைப்பாட்டுக்காக. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஊராரிடம் பணம் வாங்கி வெளிநாட்டுச் சந்தையில் வியாபாரம் செய்தேன் என்று அதில் இருக்கிறது. பாதி சரி. பணம் வாங்கினேன். வியாபாரம் செய்யவில்லை. அதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். பஞ்சலிங்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை எழுதுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. தாள் மிச்சமிருக்கிறது.

முதலில் தொழிலைச் சொல்லவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு கைத்தொலைபேசியில் ஒரு செயலி பழகினேன். தங்கம், வெள்ளி, எண்ணெய், அமெரிக்கப் பங்குச் சுட்டெண், எல்லாவற்றிலும் எதிர்கால ஒப்பந்தம் வாங்கலாம், விற்கலாம். எனக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. போகிற இடமெல்லாம் அதைப் பற்றியே கதைத்தேன். இரண்டு மாதத்தில் இணுவிலில் கோயில் கந்தசுவாமியாருக்கு அடுத்தபடி சனம் தேடி வந்தது என்னைத்தான். (இது கூட்டிச் சொன்னது. பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.) எங்களுக்கும் வாங்கித் தாருங்கோ என்று காசு தந்தார்கள்.

இந்தத் தொழிலில் மூன்று விஷயம் விளங்கினால் போதும். ஒன்று, புரள்வு. காங்கேசன்துறை வீதியில் ஒரு பஸ் காலையிலிருந்து மாலைவரை ஓடுகிறது. ஆயிரம் பேர் ஏறுகிறார்கள், ஆயிரம் பேர் இறங்குகிறார்கள். பொழுதுபட டிப்போவுக்கு வரும்போது உள்ளே இருப்பது சாரதியும் நடத்துனரும் மட்டும்தான். அந்த ஆயிரம்தான் புரள்வு. வாங்கியதன் பெறுமதியையும் விற்றதன் பெறுமதியையும் கூட்டினால் வரும் தொகை. அது ஒருவருடைய காசும் இல்லை. இரண்டாவது, கட்டணம். இந்த பஸ்ஸில் ஏறும்போதும் ரிக்கற், இறங்கும்போதும் ரிக்கற். இலாபம் வந்தாலென்ன, நட்டம் வந்தாலென்ன, தரகும் மற்ற அறவீடுகளும் புரள்வைப் பார்த்தே கழியும். நாள் முழுக்க ஏறி இறங்குகிறவன் ஓர் இடத்துக்கும் போகாமலே கைக்காசை முடிப்பான். மூன்றாவது, மார்ஜின். ஒரு கோடி ரூபாய்ப் பெறுமதியான தங்க ஒப்பந்தத்தை வாங்க ஒரு கோடி தேவையில்லை; ஆறு லட்சத்தைப் பிணையாக வைத்தால் போதும். விலை உங்கள் பக்கம் போனால் ஒரு கோடிக்குரிய இலாபம் உங்களுக்கு. எதிர்ப்பக்கம் போனால் பிணை கரையும். மேலும் போடு என்பார்கள். போடாவிட்டால் கணக்கை வெட்டி மூடுவார்கள்.

முதல் மூன்று மாதமும் எல்லாருடைய கட்டளையையும் சந்தைக்கே அனுப்பினேன். ஏறக்குறைய எல்லாரும் தோற்றார்கள். அப்போது யோசித்தேன். எப்படியும் தோற்கப்போகிற காசு. கடல் கடந்து போய் முகம் தெரியாத ஒருவனின் சட்டைப்பைக்குள் விழுவதைவிட ஊரிலேயே கிடந்தால் என்ன. அதன் பிறகு அனுப்பவில்லை. காசைத் தந்தவரிடம் "எழுதியாச்சு" என்று சொல்வேன். எழுதித்தான் வைத்தேன், என் கொப்பியில். விலை அவருக்கு மாறாகப் போனால் அவருடைய பணத்தில் கழித்தேன். சாதகமாகப் போனால் கூட்டிக் கொடுத்தேன். இடையில் என் தரகை எடுத்தேன். அதாவது, ஐயா, சந்தையே நான்தான். அது எண்ணெய் போட்ட வண்டில் மாதிரி ஓடியது. பஞ்சலிங்கம் வரும்வரை.

பஞ்சலிங்கம் என் மனைவியின் தம்பி. நீர்வேலியில் வாழைத்தோட்டம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவனும் நானும் கதைக்கத் தொடங்கினால் பக்கத்து வீட்டார் சண்டையாக்கும் என்று வேலிக்கு வருவார்கள். வந்து தாங்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். என் மனைவி போன பிறகும் மாதத்துக்கு ஒருதரம் வாழைக்குலையோடு வருவதை அவன் நிறுத்தவில்லை. அப்படி ஒருநாள் வந்தவன் கதிரையில் இருந்து, மூச்சு வாங்கி, பிறகு சொன்னான்.

"அத்தான், டொக்டர் படத்தைப் போட்டுக் காட்டினவர். நெஞ்சுக்கை மூண்டு குழாய் அடைச்சுப்போச்சாம். வெட்டவேணுமாம்."

"எட, தோட்டத்து வாய்க்காலிலை ஒரு சருகு கிடந்தாலே ஓடிப்போய் எடுப்பாய். மூண்டு அடைக்கும்வரை என்னடா பாத்துக்கொண்டிருந்தனீ?"

"வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும் அத்தான். உது தெரியேல்லையே."

இருவரும் சிரித்தோம். அரசாங்க வைத்தியசாலையில் வரிசை நீளம். கொழும்பில் தனியாரிடம் செய்வதானால் இருபத்திரண்டு லட்சம். மூன்று நாலு மாதத்துக்கு மேல் தள்ளவேண்டாம், அதற்குப் பிறகு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இவன் கையில் பன்னிரண்டு லட்சம் இருந்தது. தோட்டத்தை விற்கச் சொன்னேன். அது மகள் சாருஜாவின் சீதனம், காணி உறுதியும் அவளுடைய பெயருக்கு எழுதியாயிற்று என்றான். கனடாவில் இருக்கும் தங்கச்சி கமலாவதியிடம் கேட்கச் சொன்னேன்.

"அவள் தரத்தான் நிக்கிறாள். ரெண்டு வேலை, பனிக்குள்ளை. அவளின்ரை காசிலை நெஞ்சைத் தைச்சுப்போட்டு நான் இஞ்சை காத்து வாங்கிறதே? நீங்கள் இதை உந்தத் தங்கத்திலை போடுங்கோ. சாருஜாவின்ரை தாலிக்கொடிக்குக் கஸ்தூரியார் வீதி நகைக்கடையளிலை விலை கேட்டனான். போன மாதம் ஒரு விலை, இந்த மாதம் ஒரு விலை. தங்கம் இனி இறங்காது அத்தான்."

நான் மறுத்தேன். நூறு தரம் மறுத்தேன். சரி, இரண்டு தரம். மார்ஜின் என்றால் என்னவென்று விளக்கப் போனபோது அவன் கையைக் காட்டி நிறுத்தினான். வாழை பொத்தி தள்ளும்போதே தம்புள்ளை வியாபாரி வந்து முற்பணம் தந்து குலைக்கு விலை பேசிவிட்டுப் போவான். வெட்டுகிற நாளில் சந்தை ஏறியிருந்தால் அவனுக்கு ஆதாயம். "இவ்வளவு காலமும் அவன் அடிச்ச ஆதாயத்தை இந்த முறை நான் அடிக்கப்போறன்" என்றான் பஞ்சலிங்கம். இரண்டு ஒப்பந்தத்துக்குச் சரியாக இருந்தது அவனுடைய காசு. எழுதியாச்சு என்றேன்.

தங்கம் ஏறியது. நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் ஏற்றத்தை நான் கண்டதில்லை. கூரை இல்லாத வீட்டில் புகை ஏறுவதுபோல் ஏறியது. ஊரில் மற்றவர்கள் தோற்றதெல்லாம் என்னிடம் வந்து, என்னிடமிருந்து பஞ்சலிங்கத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது, எழுத்தில். ஒரு மாதத்துக்குள் அவனுடைய பன்னிரண்டு லட்சம் இரட்டித்துவிட்டது. மோட்டார்ச் சைக்கிளை நிறுத்த முதலே படலையில் நின்று கூப்பிட்டான்.

"அத்தான், காணும். வித்துப்போட்டுக் காசைத் தாங்கோ. திங்கட்கிழமை கொழும்புக்குப் போறன்."

அந்த நேரம் என்னால் கொடுக்க முடிந்திருக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் கேட்கப்போகிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அவன் தந்தது வங்கியில் நிலையான வைப்பில் இருந்தது. நான் சேர்த்த தரகும் மற்றவர்கள் தோற்றதும் இன்னொரு பன்னிரண்டு லட்சம். இரண்டையும் கொடுத்தால் கணக்குச் சரி. ஆனால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி இருப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும்.

"மார்ஜினைக் கூட்டிப்போட்டாங்கள்டா" என்றேன்.

"அப்பிடியெண்டா?"

"விலை ஏற ஏற அவங்கள் கேக்கிற பிணையும் ஏறும்."

"அப்ப என்ரை காசு அதுக்குள்ளை இறுகிப்போச்சோ?"

தலையைக்கூட ஆட்டினேனோ தெரியாது. மார்ஜினைக் கூட்டியிருந்தார்கள் என்பது உண்மை. செயலியில் இப்போதும் பார்க்கலாம். விற்றுவிட்டால் மார்ஜின் முழுதாக விடுபடும், அடுத்த நாளே காசு கைக்கு வரும் என்பதும் உண்மை. இரண்டு உண்மையில் ஒன்றைத்தான் சொன்னேன். மற்றதை அவன் கேட்கவில்லை.

"தவணை முடியட்டும், பாப்பம்" என்றேன்.

"நீங்கள் சொன்னாச் சரி."

ஒப்பந்தங்களில் இன்னொரு வகை உண்டு, ஒப்ஷன் என்பார்கள். எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறு மாதிரி. இன்றைக்கு இறைக்கிற முறை உன்னுடையது. இறைத்தால் இறைத்தது, இறைக்காவிட்டால் முறை போயிற்று, நாளைக்கு அடுத்தவனுடையது. ஒப்ஷன் வாங்குகிறவன் அப்படியொரு முறையைத்தான் விலைகொடுத்து வாங்குகிறான். விற்றவன் காசை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான். ஒவ்வொரு விடியலோடும் அந்த முறையின் பெறுமதி கொஞ்சம் தேயும். அவன் எதையும் செய்யத் தேவையில்லை. நாள் போவதே அவனுடைய வருமானம். பஞ்சலிங்கத்தை அனுப்பிவிட்டுக் கதிரையில் வந்து இருந்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. டொக்டர் சொன்னதும் ஒரு தவணைதான். ஒப்பந்தத்தின் விபரம் எனக்கும் அவனுக்கும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. இதைத் தீய எண்ணம் என்று நீங்கள் எழுதக்கூடும். எனக்கு எண்ணம் ஒன்றும் வரவில்லை. ஒரு கணக்கு வந்தது, அவ்வளவுதான்.

தவணை முடிந்ததும் ஒப்பந்தத்தை அடுத்த தவணைக்கு மாற்றவேண்டும். பழையதை விற்பது, புதியதை வாங்குவது. ஒரு கோடிப்படி இரண்டு ஒப்பந்தம். இரண்டை விற்று இரண்டை வாங்கினால் நாலு கோடி புரள்வு. அப்படி இரண்டு தரம் மாற்றினேன், எழுத்தில். எட்டுக் கோடி. அந்த நாட்களில்தான் உடுவிலில் ஒரு கல்யாணவீடு வந்தது. பந்தியில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"நீர்வேலிப் பஞ்சலிங்கத்துக்கு நெஞ்சு வருத்தமாம், காசில்லாமல் நிக்கிறானாம். மெய்யே?"

"ஆருக்குக் காசில்லை? இந்த வருசம் அவன்ரை கணக்கிலை எட்டுக் கோடி ஓடியிருக்கு. எட்டுக் கோடியைத் தாங்கிற நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்?"

பந்தி முழுக்கச் சிரித்தது. பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, வியாபாரமே நடக்கவில்லை என்பதை விட்டால். முதலில் வாங்கியதையும் சேர்த்தால் பத்துக் கோடி வரும். என் வழக்கத்துக்கு மாறாகக் குறைத்தே சொன்னேன். எனக்குப் பாயாசம் வருமுன் செய்தி ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. இது கூட்டிச் சொன்னதல்ல. அங்கே அவர்கள் கல்யாணத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கமலாவதி தொலைபேசி எடுத்தாள்.

"அத்தான், அண்ணைக்கு எட்டுக் கோடியாம். உண்மையே?"

"அவன்ரை கணக்கிலை ஓடினது அவ்வளவுதான் பிள்ளை. நான் ஒரு ரூவா கூட்டிச் சொல்லேல்லை."

"பாருங்கோவன். நான் பத்து லட்சத்தைச் சேர்த்து வைச்சுக்கொண்டு, அனுப்பட்டோ அனுப்பட்டோ எண்டு கெஞ்சிக்கொண்டிருக்கிறன். வேண்டாம் பிள்ளை, வேண்டாம் பிள்ளையாம். இப்பவெல்லே விளங்குது. எங்களுக்கு ஒரு சொல்லுச் சொன்னால் நாங்கள் பறிச்சுப்போடுவமே?"

"அவன் அப்பிடி நினைக்கிற ஆளில்லை."

"சரி விடுங்கோ. நான் இஞ்சை வீட்டுக் கடனுக்குக் கட்டிவிடுறன். கோடிக்காரர் தன்ரை நெஞ்சைத் தானே தைப்பிக்கட்டும்."

நல்லது பிள்ளை என்று சொல்லி வைத்தேன். மேலே உங்களுக்கு எழுதிய அந்த பஸ் உதாரணத்தை அவளுக்கு நான் சொல்லவில்லை. சொல்ல அரை நிமிடம் போதும்.

பஞ்சலிங்கத்துக்கும் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டுதான் வந்தான். மெலிந்திருந்தான். படலையிலிருந்து விறாந்தைக்கு வர இடையில் ஒருமுறை நின்றான்.

"அத்தான், தோட்டத்துக்கு ஆள் வந்து என்னட்டைக் கடன் கேக்குது. கோயில்காரர் மணிக்கூட்டுக் கோபுரம் கட்டக் காசுக்கு வரட்டோ எண்டு கேக்கினம். எனக்கு எட்டுக் கோடியாம். நீங்கள் விட்ட பட்டந்தானே உது?"

"கணக்கிலை ஓடினது அவ்வளவெல்லோ."

"அதிலை எனக்கு எவ்வளவு மிஞ்சும்?"

"கட்டணம் கழியவேணும். மார்ஜின் விடுபடவேணும். தவணைக்குத்தான் தெரியும்."

"அரைக்கோடி மிஞ்சினாலும் காணுமே" என்றான். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மனைவி குணலட்சுமி இரவில் தன்னை எழுப்பி எழுப்பிப் பார்க்கிறாள், மூச்சு இருக்கிறதா என்று. அவளுக்கு ஒரு நல்ல சேலை எடுக்கவேண்டும் என்றான். நெஞ்சைத் தடவிக்கொண்டேதான் சொன்னான். உண்மையில் அந்த நாளில் அவனுக்கு மிஞ்சியிருக்கவேண்டியது அரைக்கோடிக்கு இரண்டு லட்சம்தான் குறைவு. அதைக் கொடுப்பதென்றால் நான் வீட்டை விற்கவேண்டும். என் மனைவி வைத்த மாமரம் நிற்கும் வளவு. ஒருபக்கத்தில் வீடு, ஒருபக்கத்தில் பஞ்சலிங்கம். நான் இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது கூட்டிச் சொன்னதாகும். நிறுக்கவே இல்லை.

அவன் கடைசியாக வந்தது ஒரு காலை நேரம். கப்பல் இனத்து வாழைக்குலையொன்றை மோட்டார்ச் சைக்கிளில் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வந்தான். அதைத் தோளில் வைத்துப் படலையிலிருந்து விறாந்தைவரை தானே தூக்கி வந்தான். நான் எழும்பவில்லை. என் முழங்கால் அப்படி. பால்தேநீர் போட்டு இரண்டு கோப்பையில் வைத்திருந்தேன். அவன் குலையைச் சுவரோடு சாய்த்துவிட்டு, கதிரைக்கு வராமல் சீமெந்து நிலத்திலேயே இருந்தான். பிறகு படுத்தான். சேட் நனைந்துபோயிருந்தது.

"பாருங்கோ அத்தான், எட்டுக் கோடிக்காரன் வேர்க்கிற வேர்வையை."

"காத்தாடியைப் போடட்டோ?"

"வேண்டாம். வித்துப்போடுங்கோ அத்தான். இலாபமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். என்ரை பன்னிரண்டைத் தந்தாலும் காணும். மிச்சத்துக்குத் தங்கச்சியின்ரை காலிலை விழுறன்."

"ஓம். விக்கிறன்."

"இப்பவே."

"இப்பவேதான்."

"அம்புலன்ஸுக்கும் ஒருக்கால் அடியுங்கோ. இடது கையை உணரேல்லை."

கைத்தொலைபேசி என் கையில்தான் இருந்தது. முதலில் விலையைப் பார்த்தேன். அன்றைக்குத் தங்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது, பெரிதாக இல்லை. அந்த விலையில் அவனுக்கு எவ்வளவு என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். டிப்போப் பழக்கம், பென்சில் தேவையில்லை. பிறகு தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காதில் வைத்துக் கதைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஏன் என்று கேட்கவில்லை. அத்தான் ஏதோ ஒரு காரணத்தோடுதான் செய்வார் என்று நினைத்திருப்பான். தண்ணீர் கொடுத்தேன். அதை நான் மறுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அவனுக்கு வைத்த தேநீரில் ஆடை படிந்து, அந்த ஆடை சுருங்கி, அதில் ஓர் எறும்பு நடந்தது. தவணை நாளின் கடைசி மணித்தியாலத்தில் ஒப்ஷன் விற்றவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நான் வாசித்திருக்கிறேன். பதறுகிறவர்கள் வாங்கியவர்கள்தான். விற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நெஞ்சு அசைவது நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் இருந்தேன், நிச்சயப்படுத்த. பிறகு அம்புலன்ஸுக்கு அடித்தேன். அவர்கள் பறந்து வந்தார்கள். அவர்களில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. முன்னமே அழைத்திருந்தால் முன்னமே வந்திருப்பார்கள்.

பொழுதுபடத் தங்கம் மறுபடி ஏறியது.

செத்தவீடு பெரிய செத்தவீடு. கமலாவதி பதினைந்து லட்சம் அனுப்பினாள். இரண்டு கூட்டுப் பறை, நாலு கமெரா, நேரலை. கொட்டகை நீர்வேலியிலிருந்து கோப்பாய் மட்டும் நீண்டது. (கூட்டிச் சொன்னது. ஒழுங்கை முடியுமட்டும்.) நெஞ்சுக்கு வராத காசு பெட்டிக்கு வந்தது. அவள் கமெராவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, என்னோடை கோவத்திலை போட்டியே அண்ணை, என்று குழறியதை எல்லாரும் கேட்டோம். நான் கொள்ளிக்குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். அவனைப்போல என்னோடு சிரிக்க ஊரில் வேறு ஆளில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் எட்டுக் கோடியைப் பற்றிக் கேட்டார்கள். அப்போது எல்லாரையும் இருத்தி அந்த பஸ் உதாரணத்தைச் சொன்னேன். மிகவும் பொறுமையாக, இரண்டு தரம். எல்லாருக்கும் விளங்கியது. எட்டுக் கோடியும் ஏறி இறங்கிப் போயிற்று, உள்ளே இருந்தது அவன் போட்ட காசு மட்டும்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். இலாபம் ஏதும் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. சாருஜா மட்டும் ஒரு மூலையில் நின்று வேறொன்று கேட்டாள்.

"மாமா, அப்பா விழுந்து எவ்வளவு நேரத்தாலை அம்புலன்ஸுக்கு அடிச்சனீங்கள்?"

"உடனை பிள்ளை."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முழு அலுவலிலும் நான் சொன்ன ஒரே பொய் அந்த ஒரு சொல்தான். அதற்கு என்ன தண்டனையோ அதைத் தாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நானே நீர்வேலிக்குப் போய் குணலட்சுமியின் கையில் கொடுத்தேன். அவள் காசை எண்ணாமல் கண்ணில் ஒற்றினாள். "அண்ணை, அவர் கடைசி மூச்சும் உங்கடை விறாந்தையிலைதானே விட்டவர். ஆராவது பக்கத்திலை இருந்தினமெண்ட ஆறுதல் ஒண்டு எனக்கிருக்கு" என்றாள். தேநீர் தந்தாள், குடித்தேன். பன்னிரண்டு லட்சத்தில் என் தரகைக் கழித்துவிட்டே கொடுத்தேன். ஒருவருக்குக் கழித்து ஒருவருக்குக் கழிக்காமல் விட்டால் தொழில் நடத்த முடியாது. சொந்தக்காரன் என்பதற்காகக் கணக்கை வளைக்கிற பழக்கம் எனக்கு டிப்போக் காலத்திலும் இருந்ததில்லை. கடைசித் தவணைக்குரியதை மட்டும் கழிக்கவில்லை. அந்தத் தவணையை அவன் முடிக்கவில்லை, ஐயா. முடிக்காத தவணைக்குத் தரகு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.